வலது கால் செருப்பு

1

"ஐயோ...!"

காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்த அந்த அலறலை நாலு நண்டுகளும் ஒரு நாயும் மட்டுமே கேட்டன. நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

அலறியவள் நகராட்சித் துப்புரவுப் பணியாளர். இருபத்திரண்டு வருஷமாக இந்த வளைகுடாவின் கரையைப் பெருக்குகிறவள். அலையில் ஒதுங்கும் ஒற்றைச் செருப்புகளைச் சாக்கில் சேர்த்து ரப்பர் கடையில் போடுவதால், ஊரில் அவளுக்குச் செருப்பக்கா என்று பெயர்.

இன்று ஒதுங்கியிருந்தது செருப்பு மட்டுமல்ல.

ஓர் ஆள்!

பாசி, கிளிஞ்சல், பிளாஸ்டிக் பாட்டில் என்று ராத்திரி அலை விட்டுப்போன குப்பை வரிசையின் மேல் குப்புறக் கிடந்தார். இடது காலில் பின்வார் வைத்த செருப்பு. வலது கால் வெறுங்கால். பின்மண்டையில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது.

செருப்பக்கா இன்னொரு தடவை அலறினாள். பிறகு செல்போனை எடுத்தாள்.

போலீசுக்கா?

இல்லை. முதலில் ஒரு போட்டோ!

பெருக்குவதற்கு முன் ஒரு போட்டோ, பெருக்கிய பின் ஒரு போட்டோ... பெருக்கிய ஒவ்வொரு இடத்திலும்! அடியில் இடமும் நேரமும் அச்சாகி, நகராட்சிக் கம்ப்யூட்டருக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அன்றைக்கு ஆஜர் கிடையாது. இது மேஸ்திரியின் சட்டம். எமனே வந்து நின்றாலும் மேஸ்திரிக்குப் போட்டோ வேண்டும்.

க்ளிக்!

அதன்பிறகுதான் போலீஸ்.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் குதித்தாள். முப்பத்தெட்டு வயது, முழங்கை வரை மடித்த சட்டை, யாரையும் நம்பாத கண்கள். பின்னால் ஏட்டு இறங்கினார். வாயில் பாதி பன்.

"அதை முழுங்கிட்டு வாங்க ஏட்டு. பொணத்துக்கு முன்னாடி மெல்லாதீங்க."

"பொணம் கோவிச்சுக்காது மேடம். பன்னுதான் ஆறிடும்."

உடலைத் திருப்பினார்கள். ஏட்டின் தாடை நின்றுவிட்டது.

"மேடம்... இது நம்ம மில்லிமீட்டர்!"

அரசாங்க சர்வேயர். அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காததால் வந்த பெயர். கட்டில் சுவருக்கு நேராக இல்லை என்று தூக்கத்திலிருந்து எழுந்து நகர்த்துகிறார் என்று அவர் மனைவியே புகார் சொன்னதுண்டு.

"இன்னிக்கு நாலு மணிக்குத்தானே மேடம் இவரு கோட்டைக் காட்டணும்?"

"அதான் எனக்கும் உதைக்குது."

அது என்ன கோடு?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பௌர்ணமி அலை எதுவரை ஏறி வருகிறதோ, அதுவரை கடலுக்குச் சொந்தம். அங்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கடல் பக்கம் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. சட்டம்! ஆனால் வளைகுடாவில் இருபத்திரண்டு மாடி ஓட்டல் கட்டக் கிளம்பிய பில்டர், தனக்கென்று ஓர் ஆளைப் பிடித்து, கால் நனைகிற தூரத்தில் ஒரு கோட்டைப் போட்டு வைத்திருந்தார். அது பொய்க்கோடு என்று பன்னிரண்டு பௌர்ணமிகள் நின்று அளந்து உண்மைக் கோட்டைக் கண்டுபிடித்தவர் மில்லிமீட்டர். இன்று நாலு மணிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. அங்கே அவருடைய கோடு வராவிட்டால், பில்டரின் கோடே நிரந்தரம்.

அதோடு வளைகுடா கோவிந்தா!

"அவரு அளவெல்லாம் எழுதி வைக்கிற மஞ்சள் நோட்டு எங்க?" இன்ஸ்பெக்டர் சட்டைப்பை, பேன்ட் பை எல்லாம் தேடினாள். "காணோம்!"

"கொலை! இது கொலை, இன்ஸ்பெக்டர்!"

கணீரென்ற குரல். திரும்பினார்கள். வெள்ளை ட்ராக் சூட்டில், வெள்ளைத் தாடியில், மூச்சிரைக்க ஓடிவந்தார் வளைகுடா பாதுகாப்புக் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற பேராசிரியர். கடற்கரையைக் காப்பாற்ற மேடைமேடையாகப் பேசிப் பேசி, 'கடல்காவலர்' என்று பட்டமே வாங்கியவர். வளைகுடா வளையும் இடத்தில், ஓடு வேய்ந்த அழகான பங்களா அவருடையது.

உடலைப் பார்த்ததும் கடல்காவலர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"பில்டர் பண்ணின வேலைம்மா இது. சந்தேகமே வேண்டாம். அந்த ஆளைப் பிடிங்க!"

"பிடிக்கலாம் சார். முதல்ல கூட்டத்தை ஒரு மாசம் தள்ளிவைக்கச் சொல்லி நீங்க மனு குடுங்களேன். கோட்டை மறுபடி அளக்கலாமே?"

கடல்காவலர் கண்ணைத் துடைத்தார்.

"வேண்டாம்மா. கூட்டம் நடக்கட்டும். தள்ளிவெச்சா அவரு தியாகத்துக்கு அவமானம்."

தாடி நடுங்க நடந்து போய்விட்டார். இன்ஸ்பெக்டர் அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கிடைச்சிடுச்சு மேடம்!" பத்தடி தள்ளி, அதே குப்பை வரிசையிலிருந்து ஏட்டு எதையோ தூக்கிக் காட்டினார். "வலது கால் செருப்பு! வார் அறுந்திருக்கு. பாறையில வழுக்கியிருக்காரு, மண்டையில அடி, கடல்ல விழுந்திருக்காரு. அலை ஆளையும் கொண்டுவந்து போட்டு, செருப்பையும் கொண்டுவந்து போட்டிருக்கு. கேஸ் முடிஞ்சது. டிபன் சாப்பிட..."

"அது இங்க ஒதுங்காதுங்க."

சொன்னது செருப்பக்கா. அழுது சிவந்த கண்ணோடு அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது ஒதுங்காது?"

"வலது கால் செருப்பு. இந்தக் கரையில இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணுகூட ஒதுங்கினதில்ல மேடம். அதை யாரோ கையால கொண்டுவந்து போட்டிருக்காங்க!"

2

துடைப்பக் கட்டைகளும் தள்ளுவண்டிகளும் வைக்கும் தகரக் கொட்டகை. மூலையில் பதினோரு சாக்குகள். ரப்பர் நாற்றமும் உப்பு நாற்றமும் போட்டி போட்டன.

"அவுத்துக் கொட்டுங்க ஏட்டு."

"மேடம், நான் போலீஸ்ல சேர்ந்தது..."

"கொட்டுங்க!"

கொட்டினார். நீலம், பச்சை, பூப்போட்டது, குதிகால் வைத்தது, கடித்துக் குதறியது. ஏட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தன் காலோடு வைத்துப் பார்த்தார். முதல் சாக்கு. இரண்டாவது சாக்கு. மூன்றாவது சாக்கில் அவர் வாயைப் பிளந்தார்.

"எல்லாமே இடது மேடம்! ஒரு ஜோடி தேறாது போலிருக்கே!"

"நாங்க சின்னதுலயே கேட்டிருக்கோம்," என்றாள் செருப்பக்கா. "செருப்பு வளைஞ்சிருக்குல்ல... காத்து அதை ஒரு பக்கமாத் தள்ளிட்டுப் போகும். இடது எல்லாம் இங்க வரும். வலது எல்லாம் அந்த முனையைத் தாண்டி, ஜெயிலுக்குப் பின்னாடி கரை இருக்கே, அங்க போயிடும். சர்வேயர் ஐயாகிட்டச் சொன்னப்ப நம்பவே இல்ல. உக்காந்து எண்ணினாரு. ரெண்டு நாள் எண்ணினாரு! அப்புறம் நோட்டுல எழுதிக்கிட்டு, 'அக்கா, நீங்க என்னைவிடப் பெரிய சர்வேயர்'னாரு..."

குரல் உடைந்தது.

"சோத்துல பாதியை எனக்கு வெச்சிட்டுத்தான் சாப்பிடுவாரு மேடம். பன்னெண்டு மாசமா. என்னை வாங்க போங்கன்னு கூப்பிட்ட ஒரே ஆபீசர் அவருதான்."

இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது. போஸ்ட்மார்ட்டம் டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர்."

"உங்காளு முழுகிச் சாகல. நுரையீரல்ல ஒரு சொட்டுக் கடல்தண்ணி இல்ல. பின்மண்டையில ஒரே அடி. கனமான உலோகம், ஆனா வழவழன்னு உருண்டையா இருக்கணும். நேத்து சாயங்காலம் ஆறுலேருந்து ஏழுக்குள்ள."

"தேங்க்ஸ்!"

வைத்த கையோடு மறுபடி அடித்தது. டி.எஸ்.பி!

"என்னம்மா, அந்த விபத்துக் கேஸை மூடிட்டியா?"

"கொலை சார்."

"நாலு மணி வரைக்கும் விபத்துன்னே வெச்சுக்கோ. கூட்டத்துல கலாட்டா வேண்டாம். அஞ்சு மணிக்கு மேல எது வேணாலும் சொல்லிக்கோ."

டொக்!

மணி ஒன்பது நாற்பது.

"அஞ்சு மணிக்கு மேல கொலைகாரனைப் பிடிச்சு என்ன செய்ய?" இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினாள். "வாங்க ஏட்டு. பில்டரைப் பார்த்துட்டு வரலாம்."

3

பில்டருக்கு ஊர் வைத்த பெயர் மொசைக். மொசைக் தரை போடும் வேலையில் ஆரம்பித்தவர். இப்போது பத்து விரலிலும் மோதிரம், மேஜை மேல் இருபத்திரண்டு மாடி ஓட்டலின் பொம்மை. பொம்மைக் கடல், பொம்மைக் குடை, நீச்சல் குளத்தருகே படுத்திருக்கும் பொம்மை மனிதர்கள்.

"வாங்க மேடம்! கொலைன்னு கேள்விப்பட்டேன். நான்தான்னு சொல்லுவாங்க. கைவிலங்கு கொண்டாந்திருக்கீங்களா, இல்ல என்னோட ஆளுங்க வாங்கிட்டு வரட்டுமா?"

"மில்லிமீட்டர் கோட்டைக் காட்டினா உங்க ஓட்டல் காலி. அவர் இல்லேன்னா ஓட்டல் ஜாலி. நான் வேற யாரைச் சந்தேகப்படணும்?"

"சந்தேகப்படுங்க, தப்பில்ல. ஆனா ஒண்ணு யோசிங்க மேடம். நான் ஒருத்தனைக் கொன்னா கடல்லயா போடுவேன்? நான் கான்கிரீட்டு ஆளு! எத்தனை தூண் நிக்குது என்கிட்ட!"

ஏட்டு தலையாட்டினார். "நியாயம்தான் மேடம்."

"நீங்க சும்மா இருங்க! நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க மொசைக்?"

"பேட்மிண்டன் ஆடிட்டிருந்தேன். அஞ்சரையிலேருந்து எட்டு வரைக்கும். ஆறு கேம். ஆறும் தோத்தேன்."

"யார்கிட்ட?"

"உங்க டி.எஸ்.பி. கிட்ட! தோக்கறதுக்குன்னே போனது மேடம். பாவம், அவரு பந்தை அடிக்கிறதைவிட நான் விடறதுக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தாள். இதைவிட உறுதியான சாட்சி எங்கே கிடைக்கும்!

"அந்தச் சர்வேயரைப் பிடிச்சு வளைக்கப் பார்த்தேன், ஒத்துக்கறேன்," மொசைக் குரலை இறக்கினார். "வீடு தர்றேன்னேன். கார் தர்றேன்னேன். அசையல. கடைசியில என்னைப் பார்த்து, 'உங்க மேஜை ரெண்டு மில்லிமீட்டர் சாஞ்சிருக்கு, கீழ அட்டை வைங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். வெச்சுப் பார்த்தா ஆட்டம் நின்னு போச்சு! அந்த மாதிரி ஒருத்தனை வேலைக்கு வெச்சுக்கணும் மேடம், கொல்லக் கூடாது."

எழுந்தபோது மேஜையின் கீழ் பார்த்தாள் இன்ஸ்பெக்டர்.

அட்டை இருந்தது.

4

மணி பன்னிரண்டு ஐந்து. கடற்கரை.

மில்லிமீட்டர் தன் கோட்டுக்கு ஆறு கல் நடத் திட்டமிட்டு, நேற்று மாலைக்குள் ஐந்தை நட்டிருந்தார். கல்லுக்குக் கல் சுண்ணாம்புப் பொடியால் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போவது அவர் வழக்கம். ஆனால் கற்கள் பிடுங்கப்பட்டு, குழிகள் மூடப்பட்டு, யாரோ துடைப்பத்தால் சுண்ணாம்பைக் கலைத்திருந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைத் திட்டுகள். அவ்வளவுதான் மிச்சம்.

"நோட்டும் போச்சு, கல்லும் போச்சு." ஏட்டு மணலில் உட்கார்ந்தார். "இனிமே கோடு கடவுளுக்குத்தான் தெரியும் மேடம்."

"இந்தக் கரையில அலை எதுவரைக்கும் வரும்னு வேற யாருக்குத் தெரியும்?" இன்ஸ்பெக்டர் முணுமுணுத்தாள்.

செருப்பக்கா துடைப்பத்தோடு நின்றாள்.

"தெரிஞ்சு என்ன மேடம்? நான் சொன்னா யாரு எடுத்துப்பாங்க? பெருக்கறவ பேச்சுன்னு சிரிப்பாங்க. அலை விட்டுட்டுப் போன குப்பையைத்தானே தெனம் காலையில முதல்ல போட்டோ பிடிக்கறேன், அதுலயே..."

பாதியில் நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினாள்.

"அக்கா! என்ன சொன்னீங்க?"

"போட்டோ மேடம். மேஸ்திரிக்கு அனுப்பறது. பெருக்கறதுக்கு முன்னாடி."

"இடம், நேரம், தேதியெல்லாம் அடியில வருமா?"

"வரும். வரலேன்னா ஆஜர் இல்லையே!"

"இப்போ எங்க இருக்கு அதெல்லாம்?"

"இதுல இருக்கு. நகராட்சிக் கம்ப்யூட்டர்லயும் இருக்கும். யாரும் பார்க்க மாட்டாங்க, அந்த மேஸ்திரிகூடப் பார்த்ததில்ல. போகலேன்னா மட்டும் கத்துவாரு."

ஏட்டு எழுந்துவிட்டார். மணலைத் தட்டக்கூட மறந்துவிட்டார்.

"பௌர்ணமிக்கு மறுநாள் படத்தை மட்டும் காட்டுங்க அக்கா!"

விரல் தள்ளத் தள்ளப் படங்கள் ஓடின. பாசி... பாட்டில்... கிளிஞ்சல்... செருப்பு. பன்னிரண்டு பௌர்ணமிகள் ஏறிவந்த உச்சி வரை, ஒரு நாள் விடாமல், இடத்தோடும் நேரத்தோடும்! மேஸ்திரியின் சந்தேக புத்தி, ஒரு வளைகுடாவுக்கே பத்திரம் எழுதி வைத்திருந்தது.

ஒரு படத்தில் இன்ஸ்பெக்டரின் விரல் நின்றது.

செங்கல் படிக்கட்டு. படிக்கட்டின் மேல் ஈரப் பாசி. பக்கத்தில் ஒரு பூந்தொட்டி.

"இது கரை இல்லையே. எந்த இடம் இது?"

செருப்பக்கா சொன்னாள்.

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. காலையில் கேட்ட ஒரு பதில் காதில் மறுபடி ஒலித்தது. அவள் ஏட்டின் காதருகே குனிந்து எதையோ சொன்னாள். ஏட்டின் கண்கள் பன் அளவுக்கு விரிந்தன.

"அங்கயா மேடம்? என்னன்னு சொல்லிப் போறது?"

"தாகம்னு சொல்லுங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தா யாரும் நம்புவாங்க!"

5

நகராட்சி அரங்கம். மூணு ஐம்பத்தைந்து.

முந்நூறு நாற்காலிகளும் நிரம்பி, சுவரோரம் ஜனங்கள். படகுக்காரர்கள், வலைக்காரர்கள், மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள். முன்வரிசையில் மொசைக். மேடையில் கூட்ட அதிகாரி. அவருக்குப் பக்கத்தில், கறுப்பு ரிப்பன் குத்திய வெள்ளைச் சட்டையில் கடல்காவலர்.

திரையில் பில்டரின் கோடு. கோட்டுக்குக் கரைப் பக்கம் இருபத்திரண்டு மாடி ஓட்டல் பளபளத்தது.

"சர்வேயர் தரப்பு ஆவணம் எதுவும் இருக்கா?" அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

கடல்காவலர் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது. "நண்பர்களே... நம்ம மாவீரன் இல்ல. ஆதாரமும் இல்ல. சட்டத்தை மதிக்கிறவங்க நாம. கனத்த இதயத்தோட இந்தக் கோட்டை ஏத்துக்கறதைத் தவிர வழியில்ல..."

கூட்டம் கொந்தளித்தது. யாரோ ஒரு பெண் விசும்பினாள். அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம்!"

வாசலில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில், நகராட்சியின் பச்சை மேல்சட்டையோடு செருப்பக்கா.

"சர்வேயரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் சார்!"

"என்னம்மா விளையாடறீங்க? இவங்க துப்புரவுப் பணியாளர்தானே?"

"பன்னெண்டு பௌர்ணமி, ஒரு நாள்கூட லீவு போடாம கடல் எங்க நின்னுதுன்னு அளந்தவங்க. படமெல்லாம் உங்க நகராட்சிக் கம்ப்யூட்டர்லேருந்தே எடுத்தது. பொய்னா நகராட்சிதான் பொய்!"

அதிகாரி மூடியை மறுபடி மாட்டினார்.

திரையில் வரைபடம் மாறியது. ஒவ்வொரு படமும் ஒரு சிவப்புப் புள்ளியாக விழுந்தது. ஒன்று... ஐந்து... பத்து... புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு ஓட ஆரம்பித்தது. பில்டர் கோட்டிலிருந்து நூற்றிருபது மீட்டர் உள்ளே! ஓட்டலின் வரவேற்பறை, நீச்சல் குளம், பொம்மை மனிதர்கள் எல்லாரையும் கடலுக்குள் தள்ளிவிட்டு ஓடியது.

அரங்கம் அதிர்ந்தது. விசில்! கைதட்டல்! மொசைக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கடல்காவலரும் தட்டினார். வேறு வழி? முந்நூறு பேர் பார்க்கிறார்களே!

"இன்னும் முடியலீங்க," செருப்பக்கா மெல்லச் சொன்னாள். "கடைசிப் படம் பாக்கி இருக்கு."

கடைசிப் புள்ளி விழுந்தது. கோடு வளைகுடாவின் வளைவில் திரும்பி, ஒரு காம்பவுண்டு சுவரைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, படிக்கட்டு ஏறி... ஓடு வேய்ந்த பங்களா ஒன்றின் பின்வாசல் வழியாக வெளியேறியது.

கைதட்டல் நின்றது.

ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் பழக்கதோஷத்தில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"அது... அது யாரு வீடு?" என்றார் அதிகாரி.

கடல்காவலரின் தாடி நடுங்கியது. "பொய்! என் வீட்டுக்குள்ள இந்தப் பொம்பளை எப்படி வந்தா?"

"உங்க வீட்டம்மாதான் சார் கூப்பிடுவாங்க," என்றாள் செருப்பக்கா. "ஒவ்வொரு பௌர்ணமிக்கு மறுநாளும் படியில பாசி ஏறிடும்ல... வழுக்குது, வந்து பெருக்கிட்டுப் போன்னு. ஓசியிலதான் பெருக்கினேன். ஆனா பெருக்கின இடத்துக்கெல்லாம் போட்டோ எடுக்கணுமே!"

6

"கூட்டத்தைத் தள்ளிவைக்கக் கூடாதுன்னீங்களே சார், காலையில." இன்ஸ்பெக்டர் மேடைக்கு ஏறினாள். "கடலைக் காப்பாத்தறவர் எதுக்கு அவசரப்படறார்னு யோசிச்சேன். பில்டர் கோடே நிலைச்சுட்டா ஓட்டலும் தப்பிக்கும், உங்க பங்களாவும் தப்பிக்கும். நேத்து சாயங்காலம் ஆறாவது கல்லோட மில்லிமீட்டர் உங்க வீட்டுக்கு வந்தாரு. இல்லையா?"

"வரவே இல்ல!"

"வந்தாருங்களே!"

வாசலில் ஏட்டு. கையில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். சட்டைப்பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"மேடம், ஐயா வீட்டம்மா தங்கமான மனுஷி! தண்ணி கேட்டேன், லெமன் ஜூஸே குடுத்தாங்க. கூடவே ஒரே புலம்பல். 'நேத்து அந்தச் சர்வேயர் ஹால் பூரா சுண்ணாம்புக் காலோட நடந்துட்டாருங்க, தேய்ச்சுத் தேய்ச்சுக் கை வலிக்குது'ன்னு. அவரு இருக்கும்போதே அந்தம்மா கடைக்குப் போயிட்டாங்களாம். திரும்பி வந்து பார்த்தா ஐயா தோட்டத்துல ஏதோ மஞ்சள் நோட்டை எரிச்சிட்டிருந்தாராம். தோட்டத்துத் தள்ளுவண்டியையும் அவரே கழுவி வெச்சிருந்தாராம். பொறந்ததுலேருந்து ஒரு டம்ளர் கழுவாத மனுஷன்னு அந்தம்மா பூரிச்சுப்போய்ச் சொல்றாங்க!"

"பக்கெட்ல என்ன?"

ஏட்டு கைக்குட்டையால் பிடித்து வெளியே எடுத்தார். சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, வழவழவென்று, உருண்டையாக... ஒரு வெண்கல ஆமை! அடிப்பீடத்தில் எழுதியிருந்ததை ஏட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"'கடற்கரையைக் காத்தமைக்காக...' விருது மேடம்! கிணத்தடியில ஊறிட்டிருந்தது."

கடல்காவலர் நாற்காலியில் சரிந்தார். மேடைக் குரல் போய், சாதாரணக் கிழவரின் குரல் வந்தது.

"முப்பது வருஷம் அந்த வீட்டுல இருந்திருக்கேன். முன்னெல்லாம் கடல் எங்கேயோ இருந்துது. இப்போ வருஷா வருஷம் ஏறுது. ஒரு கல்லைப் பத்தடி தள்ளி வைப்பான்னு கேட்டேன். பத்தடி! ஓட்டல் பக்கம் அவன் கோட்டை நான் மாத்தச் சொல்லலியே! என் வீட்டுக்கு மட்டும்... 'ஒரு மில்லிமீட்டர்கூட முடியாது சார்'னு சொல்லிட்டுத் திரும்பினான். கையில ஆமை இருந்துது..."

"அப்புறம் தள்ளுவண்டியில வெச்சுக் கரையில போட்டீங்க. அவர் நட்ட கல்லையும் பிடுங்கிக் கோட்டைக் கலைச்சீங்க. வீட்டுல அறுந்து விழுந்த செருப்பையும் கொண்டுபோய், பில்டர் ஆளுங்க கொன்னு கடல்ல வீசி, கடல் ஒதுக்கின மாதிரி குப்பை மேல வெச்சீங்க."

"அதுல என்ன தப்பு? செருப்பு ஒதுங்கற கரைதானே அது!"

செருப்பக்கா அவர் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. கத்தவில்லை.

"அது இடது கால் செருப்பு ஒதுங்கற கரை சார். வளைகுடாவைப் பத்தி நீங்க ரெண்டு மணி நேரம் பேசினப்பல்லாம் பின்னாடி நின்னு கேட்டிருக்கேன். நல்லாத்தான் பேசுவீங்க. என்னிக்காவது ஒரு நாள் குனிஞ்சு ஒரு செருப்பை எடுத்திருந்தீங்கன்னா இது தெரிஞ்சிருக்கும்."

சொல்லிவிட்டு, பச்சை மேல்சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "நகராட்சிப் படங்களின் அடிப்படையில்... இந்தச் சிவப்புக் கோடு ஏற்கப்படுகிறது. கோட்டுக்குக் கடல் பக்கம் இருக்கும் எல்லாக் கட்டுமானமும் அகற்றப்படும். எல்லாம்!"

இம்முறை எழுந்த கைதட்டல் கரை வரை கேட்டிருக்கும்.

மொசைக் மட்டும் பெருமூச்சு விட்டார். "போச்சு, என் ஓட்டல் போச்சு. சரி... மேடம், ஐயா வீட்டை இடிக்கப் புல்டோசர் வேணும்னா சொல்லுங்க. சும்மாவே அனுப்பறேன். ஒரு சந்தோஷத்துக்கு!"

இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது. டி.எஸ்.பி.

"என்னம்மா, மணி அஞ்சாகப் போகுது. அந்த விபத்து..."

"விபத்துதான் சார். உங்க பேட்மிண்டன் பார்ட்னருக்கு! கொலைகாரரைப் பிடிச்சாச்சு, அது வேற."

டொக்! இந்தத் தடவை வைத்தது அவள்.

கடல்காவலரை ஜீப்பில் ஏற்றினார்கள். கைவிலங்கோடு உட்கார்ந்தவர், ஜீப் கரையோரம் போகையில் கண்ணாடி வழியாகத் தன் ஓட்டு வீட்டைப் பார்த்துப் பார்த்து விம்மினார்.

"முப்பது வருஷம்... ஜன்னலைத் திறந்தா கடல்... இனிமே எங்க போவேன்..."

ஏட்டுக்கே மனசு இளகிவிட்டது. பிஸ்கட் பாக்கெட்டை அவர் பக்கம் நீட்டினார்.

"கவலைப்படாதீங்க சார். நம்ம ஜெயிலும் ஜன்னலைத் திறந்தா கடல்தான். செருப்பக்கா கோட்டுக்கு நல்லா உள்ள தள்ளியிருக்கு... அதை யாரும் இடிக்கவே முடியாது!"